பத்தில் ஒரு பங்கு மலை

மேஜையிலிருந்து விழுந்த வண்டி

குழந்தை விளையாடிக்கொண்டிருந்த சிறிய மோட்டார் வண்டி மேஜையின் விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து, ஒன்றிரண்டு முறை புரண்டு, பிறகு ஒன்றும் நேராதது போல நிமிர்ந்து ஓடத் தொடங்குவதைப் பார்க்கும்போது, நம்மில் பலருக்கும் ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். மேஜையின் உயரம் 75 சென்டிமீட்டர். வண்டியோ அசலில் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால், அசல் வண்டியை ஏழரை மீட்டர் உயரமுள்ள ஒரு பாறையின் உச்சியிலிருந்து உருட்டிவிட்டால் அதுவும் இதே போல நிமிர்ந்து ஓடவேண்டும் அல்லவா? ஓடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் ஓடாது என்று கேட்டால்தான் பதில் சட்டென்று வருவதில்லை.

இந்தச் சந்தேகத்தை வெறும் பேச்சாக விட்டுவிடாமல், மண்ணிலும் கல்லிலும் வைத்துப் பரிசோதித்துப் பார்க்கிற ஒரு சாரார் அமெரிக்காவில் இருக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, ராணுவம் பயன்படுத்திய ஜீப் வண்டி பொதுமக்கள் கைக்கு வந்தபோது, சாலையே இல்லாத பாறைப் பிரதேசங்களில் அதை ஓட்டிப் பார்க்கும் ஆசை அந்த நாட்டில் பலரைப் பிடித்துக்கொண்டது. கலிபோர்னியாவில் ஸியரா நெவாடா மலைத்தொடரின் கருங்கற்களுக்கிடையே செல்லும் ரூபிகான் பாதையில் 1953-ஆம் வருஷம் ஜீப் ஓட்டிகளின் கூட்டுப் பிரயாணம் ஒன்று தொடங்கியது. யூட்டா மாநிலத்து மோவாப் என்ற ஊரைச் சுற்றியுள்ள மணற்பாறைகளில் 1967 முதல் ஈஸ்டர் காலத்தில் இத்தகைய பிரயாணம் நடந்து வருகிறது. அவ்வளவு தூரம் போக வசதியில்லாதவர்களும், போய்த் திரும்பிய பின்னும் ஆசை அடங்காதவர்களும் கண்டுபிடித்த வழி, ஜீப்பைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி ரேடியோவினால் இயக்குவதும், அதற்கு ஏற்ற மலையைத் தங்கள் வீட்டுக் கொல்லையிலேயே கட்டிக்கொள்வதும் ஆகும். சுமார் 3 கிலோ எடையுள்ள அந்த வண்டியை இந்த அத்தியாயத்தில் ‘பாறையேறி’ என்று அழைப்போம்.

கொல்லையில் மலை கட்டப் புறப்படுகிறவர், ரூபிகான் பாதையின் படங்களைப் பார்த்து, அங்கே ஒரு மீட்டர் இருக்கும் இடத்தில் இங்கே பத்து சென்டிமீட்டர் என்று ஒவ்வொன்றையும் பத்தால் வகுத்துக்கொண்டு போனால் போதும் என்றே முதலில் எண்ணுவார். அப்படிக் கட்டிய பாதை பார்வைக்கு அழகாக இருந்தாலும், ஓட்டத்தில் சப்பென்று இருக்கும்; ஒரு மழைக்காலத்துக்குள் கரைந்தும் போகும். காரணம் இதுதான்: நீளத்தைப் பத்தில் ஒன்றாக்கும்போது, உலகத்தின் மற்ற குணங்கள் எல்லாம் ஒரே பிரமாணத்தில் கூடவே சுருங்கி வருவதில்லை. சில நூறில் ஒன்றாகின்றன, சில ஆயிரத்தில் ஒன்றாகின்றன, சில இம்மியும் மாறுவதில்லை. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டு கல்லெடுப்பவருக்கே நல்ல பாதை அமைகிறது.

எடை குறைந்த வேகத்தில் பலம் குறையவில்லை

2,000 கிலோ எடையுள்ள ஒரு ஜீப்பை, அதே உலோகத்தால், அதே வடிவத்தில், நீளம் அகலம் உயரம் மூன்றையும் பத்தில் ஒன்றாக்கிச் செய்வதாக வைத்துக்கொள்வோம். மூன்று பக்கமும் பத்துப் பத்தாகக் குறைந்ததால் அதன் கனபரிமாணம் ஆயிரத்தில் ஒன்றாகிறது. எடையும் அவ்வாறே, 2 கிலோ. ஆனால் அந்த எடையைத் தாங்கும் இரும்புத் தண்டின் பலம் அதன் குறுக்கு வெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்புக்கு நீளம், அகலம் என்ற இரண்டே அளவுகள். ஆகவே அது நூறில் ஒன்றாகத்தான் குறைந்திருக்கிறது. எடை ஆயிரத்தில் ஒன்று, பலம் நூறில் ஒன்று என்றால், தன் எடையோடு ஒப்பிடும்போது சிறு வண்டி பெரிய வண்டியைவிடப் பத்து மடங்கு பலசாலி என்று அர்த்தம்.

இந்த உண்மையை முதன்முதலாகத் தெளிவாக எழுதி வைத்தவர் கலிலியோ. வீட்டுக் காவலில் இருந்த முதுமைக் காலத்தில் அவர் இயற்றி, 1638-இல் ஹாலந்திலுள்ள லெய்டன் நகரத்தில் அச்சான இரண்டு புதிய விஞ்ஞானங்களைப் பற்றிய நூலில், ஓர் எலும்பையும், அதைப் போல் மூன்று மடங்கு நீளமுள்ள பிராணிக்கு அதே வேலையைச் செய்வதற்குத் தேவைப்படும் எலும்பையும் அருகருகே வரைந்து காட்டியிருக்கிறார். இரண்டாவது எலும்பு விகாரமாகப் பருத்திருக்கிறது. பெரிதாவதற்குக் கொடுக்கவேண்டிய விலையைக் கலிலியோ அங்கே காட்டினார். அதே கணக்கைத் தலைகீழாகப் படித்தால், சிறிதாவதனால் கிடைக்கும் சலுகை தெரியும்.

மேஜையிலிருந்து விழுந்த வண்டியின் ரகசியமும் இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விழும் பொருளில் சேரும் சக்தி, அதன் எடையையும் விழும் உயரத்தையும் பொறுத்தது. பெரிய வண்டி ஏழரை மீட்டரும் சிறிய வண்டி முக்கால் மீட்டரும் விழுகையில், சிறிய வண்டியின் ஒவ்வொரு கிராம் உலோகமும் தாங்கிக்கொள்ளவேண்டிய அதிர்ச்சி, பெரிய வண்டியின் ஒவ்வொரு கிராம் உலோகமும் தாங்கவேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான். உலோகம் இரண்டிலும் ஒன்றே. ஒன்று நசுங்குவதும் மற்றொன்று நிமிர்வதும் இதனால்தான்.

மண்ணுக்கும் இதே சலுகை உண்டு. டயர் தரையைத் தொடும் பரப்பு நூறில் ஒன்றாகவும், மேலே இருக்கும் எடை ஆயிரத்தில் ஒன்றாகவும் ஆகிவிட்டதால், தரையின் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் விழும் அழுத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அசல் ஜீப் அச்சு வரையில் புதைந்து நிற்கும் சேற்றில் பாறையேறி ஒரு மெல்லிய சுவடு பதித்துவிட்டுப் போய்விடும். கொல்லைப் பாதையில் சேற்றுக் குழி வெட்டிச் சிரமப்படுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவ்வளவு பிரயாசையையும் கல்லின் மீது செலவிட்டால் நல்லது என்பது என் அபிப்பிராயம். சேறு சிறு வண்டிக்கு ஒரு சவாலே அல்ல, கல்தான் சவால்.

மாறாமல் நிற்பது

பலமும் அழுத்தமும் இப்படிச் சிறியவர் பக்கம் சாய்ந்துவிட்டால், சிறிய மலையில் கஷ்டம் என்பதே இல்லாமல் போகாதா? போவதில்லை. ஒரு விஷயத்தில் இயற்கை சிறியதற்கும் பெரியதற்கும் எவ்விதச் சலுகையும் காட்டுவதில்லை. அது கோணம்.

ஒரு வண்டி எந்தச் சாய்வில் கவிழும் என்பதை அதன் எடையோ உலோகத்தின் பலமோ நிர்ணயிப்பதில்லை. வண்டியின் எடை முழுவதும் ஒரே இடத்தில் குவிந்திருப்பதாகப் பாவிக்கக்கூடிய ஒரு புள்ளி உண்டு. அதை ஈர்ப்பு மையம் என்கிறோம். அந்தப் புள்ளியிலிருந்து நேர் கீழாக ஒரு நூலைத் தொங்கவிட்டதாகக் கற்பனை செய்தால், நூலின் நுனி சக்கரங்களுக்கு உட்பட்ட இடத்தில் இருக்கும்வரையில் வண்டி நிற்கும். கீழ்ப்பக்கத்துச் சக்கரத்தைத் தாண்டி வெளியே போன கணத்தில் கவிழும். இதில் சம்பந்தப்பட்டவை இரண்டே நீளங்கள்: வண்டியின் அகலத்தில் பாதி, ஈர்ப்பு மையத்தின் உயரம். இரண்டையும் பத்தால் வகுத்தால் விகிதம் மாறாது. விகிதம் மாறாதபோது கோணமும் மாறாது.

அன்றியும், பாறை ஏறும் வண்டிகள் மெதுவாகவே செல்கின்றன. வேகத்தினால் வரும் உந்துதலைக் கொண்டு ஒரு மேட்டைத் தாவிக் கடக்க இங்கே இடமில்லை. மோட்டார் நாற்பது சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்படி பல்சக்கரங்களை அமைத்து, வேகத்தை வேண்டுமென்றே பலமாக மாற்றிக்கொள்கிறார்கள். ஆகையால் ஒவ்வொரு கணத்திலும் வண்டி ஏறத்தாழ நின்றுகொண்டிருப்பதாகவே கருதிக் கணக்கிடலாம். கட்டிடக் கொத்தனாருடைய தூக்குக்குண்டும் பள்ளிக்கூடத்துக் கோணமானியும் போதும். இதைவிட நுட்பமான கருவி எதுவும் இந்தக் கலைக்கு வேண்டியதில்லை.

ஒரு சாய்பாறையின் கதை

இனி ஒரே ஒரு பாறையை எடுத்துக்கொண்டு, அதை எப்படி வைக்கவேண்டும் என்று ஆர அமரப் பார்ப்போம். பாதையின் நடுவே ஒரு மீட்டர் நீளமுள்ள தட்டையான பாறை. அதன் மேல் வண்டி குறுக்குவாட்டில் சாய்ந்தபடியே கடந்து செல்லவேண்டும். ஒரு பக்கத்துச் சக்கரங்கள் மேலேயும் மறுபக்கத்துச் சக்கரங்கள் கீழேயும் இருக்கும். ஓட்டுகிறவரின் மூச்சை நிறுத்தவேண்டும், ஆனால் சாமர்த்தியசாலியைக் கவிழ்த்துவிடக் கூடாது. பாறையை எத்தனை பாகை சாய்த்து வைப்பது?

முதல் வேலை, நம் வண்டியின் ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடிப்பது. வண்டியின் பின்பக்கத்தை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கயிறு நேர் கீழாகச் செல்லும் கோட்டை அதன் பக்கவாட்டில் ஒட்டிய காகிதத்தில் குறித்துக்கொள்ளவேண்டும். பிறகு கூரையின் முன்பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டு இன்னொரு கோடு. இரு கோடுகளும் சந்திக்கும் இடமே நாம் தேடும் புள்ளி. அது தரையிலிருந்து 9 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், இரு பக்கத்து டயர்களின் வெளி விளிம்புகளுக்கு இடையே 20 சென்டிமீட்டர் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். காகிதத்தில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு படுகோடும், அதன் முனையில் செங்குத்தாக 9 சென்டிமீட்டருக்கு ஒரு கோடும் இழுத்து, முக்கோணத்தைப் பூர்த்தி செய்து, உச்சியிலுள்ள கோணத்தை அளந்தால் 48 பாகை வரும். பாறை 48 பாகைக்குச் சாய்ந்தால் வண்டி கவிழும் என்று காகிதம் சொல்கிறது.

இப்போது பலகையைக் கேட்போம். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பலகையின் மேல் உப்புக்காகிதத்தை ஒட்டி, கீழ்ச் சக்கரங்கள் வழுக்காமலிருக்க ஒரு மெல்லிய சட்டத்தையும் அடித்து, வண்டியைக் குறுக்காக நிறுத்திப் பலகையின் ஓர் ஓரத்தை மெல்ல உயர்த்திக்கொண்டே போகவேண்டும். காகிதம் சொன்னபடியானால், ஓரம் சுமார் 44½ சென்டிமீட்டர் உயர்ந்த பிறகுதான் மேற்பக்கத்துச் சக்கரங்கள் எழும்பவேண்டும். ஆனால் 42 சென்டிமீட்டரிலேயே, அதாவது 45 பாகையிலேயே, அவை எழும்பிவிடுகின்றன. 3 பாகை எங்கே போயிற்று?

வண்டியின் உடல் சக்கரங்களின் மேல் நேரடியாக உட்கார்ந்திருக்கவில்லை. ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சாய்வில் நிற்கும்போது கீழ்ப்பக்கத்து ஸ்பிரிங் அமுங்குகிறது, மேற்பக்கத்தது நீள்கிறது, உடல் கீழ்ப்பக்கமாகத் தொய்கிறது. ஈர்ப்பு மையம் ஒரே ஒரு சென்டிமீட்டர் கீழ்ப்பக்கம் நகர்ந்துவிட்டால் போதும். 10-க்கு 9 என்று இருந்த விகிதம் 9-க்கு 9 ஆகிவிடும், அதுதான் 45 பாகை. காகிதம் கண்ட வண்டி விறைத்து நிற்கும் வண்டி. பலகை கண்டது அசலான வண்டி. பாதை அமைக்கிறவர் எப்போதும் பலகையின் பேச்சைத்தான் கேட்கவேண்டும்.

இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்குக் கூரையின் மேல் சாமான் தட்டு அமைத்து, அதில் குட்டி மண்வெட்டி, குட்டி எண்ணெய் டின் முதலியவற்றைக் கட்டி அழகு பார்ப்பதில் பிரியம் அதிகம். 200 கிராம் சாமான், தரையிலிருந்து 25 சென்டிமீட்டர் உயரத்தில் ஏறியதாக வைத்துக்கொள்வோம். 3 கிலோ வண்டியின் ஈர்ப்பு மையம் 9-லிருந்து 10 சென்டிமீட்டருக்கு உயர்ந்துவிடுகிறது. காகிதக் கணக்கே 45 பாகைக்கு இறங்கிவிட்டது. பலகையிலோ அதற்கும் சில பாகைகள் கீழேயே கவிழும். இதற்கு மாற்றாகச் சக்கரங்களுக்குள்ளே பித்தளை வளையங்களைப் பொருத்துகிறார்கள். 400 கிராம் பித்தளை, அச்சின் மட்டத்தில், 6 சென்டிமீட்டர் உயரத்தில் சேரும்போது, கவிழும் கோணம் ஒரு பாகைதான் கூடுகிறது. 200 கிராம் சாமான் மேலே ஏறிச் செய்த கெடுதலில் பாதியைக்கூட 400 கிராம் பித்தளை கீழே நின்று சரிசெய்வதில்லை என்பது கவனிக்கத்தக்கது. கீழே சேர்க்கும் எடை மையத்துக்கு அருகில் இருக்கிறது; மேலே சேர்த்ததோ தூரத்தில் இருக்கிறது. எடையின் அளவோடு தூரமும் பெருகிக்கொள்கிறது.

சரி, பாறைக்கு வருவோம். வண்டி 45 பாகையில் கவிழ்வதால், பாறையை 40 பாகைக்குச் சாய்த்து வைக்கிறோம். 5 பாகை மிச்சம் இருக்கிறது. சமமான பாறையானால் எவரும் கடந்துவிடுவார்கள். இப்போது பாறையின் மேற்பகுதியில், 2 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு வரப்பைச் சிமென்டால் எழுப்புவோம். அந்த வரப்பு பாதைக்கு இணையாக நீண்டிருந்தால், மேற்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் ஒரே சமயத்தில் அதன் மேல் ஏறும். 20 சென்டிமீட்டர் அகல வண்டிக்கு 2 சென்டிமீட்டர் உயர்வு என்பது ஏறத்தாழ 6 பாகை. 40-உம் 6-உம் 46. வண்டி கவிழ்ந்தே தீரும். அதே வரப்பைப் பாதைக்குக் குறுக்கே, சிறிது தூரத்துக்கு மட்டும் அமைத்தால், முன்சக்கரம் ஏறி இறங்கிய பின்னரே பின்சக்கரம் ஏறும். ஒரு சக்கரம் மட்டும் உயரும்போது அந்த அச்சு தனியாகத் திரும்பிக்கொடுக்கிறது. உடல் பாதிதான் சாய்கிறது, சுமார் 3 பாகை. 43-இல் வண்டி தத்தளிக்கும், ஆனால் நிற்கும்.

வரப்பைக் கோணலாக வைத்தாலோ, கதையே வேறு. எந்த இடத்தில் ஏறுகிறோம் என்பதைப் பொறுத்து, ஒரு சக்கரம் ஏறுமா, இரண்டும் ஏறுமா என்பது மாறுகிறது. பாறையின் தன்மையைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு கை அகலத்தில் வழி இருக்கிறது, தெரியாதவருக்கு இல்லை. இந்தக் கலையில் ஓட்டத்தைவிட வழி தேர்ந்தெடுப்பதே பெரிது என்று அனுபவசாலிகள் சொல்வதன் பொருள் இதுதான். கல்லை உயரமாக்கிக் கஷ்டத்தை உண்டாக்குவது யாராலும் முடியும். அதே கல்லைச் சற்றே திருப்பி வைத்து, பார்க்கிறவனுக்குப் பலனும் பாராதவனுக்குத் தோல்வியும் கிடைக்கும்படி செய்வதில்தான் பாதை அமைப்பவரின் திறமை இருக்கிறது.

ரப்பர் எனும் விதிவிலக்கு

பக்கவாட்டில் சாயும் பாறையில் கவிழ்வதுதான் பயம். நேராக ஏறும் பாறையில், பின்பக்கமாகக் கவிழ்வதற்கு முன்பே பெரும்பாலும் சக்கரம் வழுக்கிவிடுகிறது. எனவே அங்கே கேட்கவேண்டியது உராய்வைப் பற்றி.

பிரான்ஸ் தேசத்து அமோந்தோன் 1699-இல் வெளியிட்ட உராய்வு விதிப்படி, உராய்வு மேலிருந்து அழுத்தும் எடையைப் பொறுத்ததே ஒழிய, தொடும் பரப்பைப் பொறுத்ததன்று. மரமும் கல்லும் உலோகமும் பெரும்பாலும் இந்த விதிக்கு அடங்குகின்றன. ரப்பர் அடங்குவதில்லை. பிசைந்த மாவை ஒரு சல்லடையின் மேல் வைத்து அழுத்தினால் கண்ணுக்குக் கண் உள்ளே இறங்குவது போல, மிருதுவான ரப்பர் பாறையின் ஒவ்வொரு மணற்பருவுக்கு இடையிலும் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிடிப்புக்குப் பரப்பு முக்கியம். அதிக பாரத்தை ஏற்றினால் பிடிமானம் கூடுகிறது, ஆனால் பாரம் கூடிய அளவுக்குக் கூடுவதில்லை. இதன் மறுபுறமாக, குறைந்த அழுத்தமுள்ள சிறு வண்டி தன் எடையோடு ஒப்பிடும்போது அசல் ஜீப்பைவிட அதிகப் பிடிமானம் பெறுகிறது. கோணம் மட்டும் மாறாது என்றோம். அதற்குள்ளேயும் ரப்பர் சிறியவனுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அசலுக்கு ஒத்த சாய்வுகளையே வைத்துக் கட்டிய பாதை பாறையேறிக்குச் சுலபமாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

எவ்வளவு சாய்வு ஏறும் என்பதையும் அளந்துவிடலாம். சக்கரங்கள் சுழலாதபடி நிறுத்தி, சமதளத்தில் கிடக்கும் கல்லின் மேல் வண்டியை வைத்து, ஸ்பிரிங் தராசின் கொக்கியால் கிடையாக இழுக்கவேண்டும். 3 கிலோ வண்டி நகரத் தொடங்குகையில் தராசும் 3 கிலோ காட்டினால், அந்தக் கல்லில் அது 45 பாகை வரை வழுக்காமல் நிற்கும். கல்லின் மேல் மெல்லிய தூசியோ ஈரமோ படிந்து, தராசு 2 கிலோ மட்டுமே காட்டினால், 34 பாகைக்கு இறங்கிவிட்டது என்று பொருள். காய்ந்த காலையில் ஏறிய பாறை மழைக்குப் பின் ஏறாததற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். மோவாபின் மணற்பாறைக்கு அந்தப் பிரதேசத்தில் வழுக்குப் பாறை என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. பழைய காலத்துக் குடியேறிகளின் குதிரைகள் இரும்பு லாடத்தோடு அதன் மேல் நடந்தபோது வழுக்கியதால் ஏற்பட்ட பெயர் அது. மணற்பருக்களுக்குள் இறங்கத் தெரியாத இரும்புக்கு வழுக்குப் பாறை. இறங்கத் தெரிந்த ரப்பருக்கோ அது உப்புக்காகிதம். ஆற்றில் உருண்டு மழமழப்பான கூழாங்கல் இதற்கு நேர் எதிர். பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று கூழாங்கற்களாகவே குவித்துவிட்டால், ரப்பருக்குப் பிடித்துக்கொள்ள இடமில்லாமல், பாதை முழுவதும் ஒரே விதமான வழுக்கலாகிவிடும். சொரசொரப்பான மணற்கல்லையே பிரதானமாக வைத்து, நடுநடுவே ஒரு கூழாங்கல் படுகையைப் பதித்தால், ஓட்டுகிறவர் தன் கையின் பலத்தை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டி வரும்.

ஏற்றத்தில் எடை எங்கே விழுகிறது என்பதும் பிடிமானத்தைத் தீர்மானிக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 31 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள நம் வண்டியின் ஈர்ப்பு மையம், பின் அச்சுக்கு 16 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், சமதரையில் முன்சக்கரங்கள் பாதி எடையைத் தாங்கும். 45 பாகை ஏற்றத்திலோ, மையத்தின் 9 சென்டிமீட்டர் உயரம் அப்படியே பின்னோக்கி நகர்ந்துவிடுவதால், முன்சக்கரங்களுக்கு எடையில் கால் பங்குக்கும் குறைவே எஞ்சும். எனவே 300 கிராம் பாட்டரியை 15 சென்டிமீட்டர் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். மையம் ஒன்றரை சென்டிமீட்டர் முன்னே வருகிறது. முன்சக்கரங்களுக்குக் கால் பங்குக்குச் சற்று மேலாகவே எடை கிடைத்துவிடுகிறது.

கல்லைப் பதிப்பது

கருங்கல்லில் 30 சென்டிமீட்டர் கன சதுரம் 73 கிலோ இருக்கும்; வண்டிக்கு அது அசையாத மலை. ஆனால் 10 சென்டிமீட்டர் கல்லின் எடை 2.7 கிலோதான், ஏறக்குறைய வண்டியின் எடையே அது. வண்டி அதன் மேல் ஏறுவதற்குப் பதில் அதைத் தள்ளிவிடும். ஆகவே பெரிய கற்களை முதலில், மேட்டின் அடிவாரத்திலிருந்து தொடங்கி வைத்து, ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படியும், மேற்பரப்பு மேட்டின் உட்பக்கமாகச் சற்றே சாயும்படியும் பதித்து, அடியில் சரளையைக் கெட்டித்துவிட்டு, சிறிய கற்களை அவற்றின் இடுக்குகளில் சிமென்டால் பூட்டுவது வழக்கம். கற்களை வண்டியில் கொண்டுவந்து மண்ணின் மேல் கொட்டிவிட்டுப் பாதை என்று பெயரிடுபவர்கள் உண்டு. அவை சில நாட்களில் தாமாகவே உருண்டு சமதளமாகிவிடும்; கோணத்தை நாம் வைக்காவிட்டால் மண் தன் கோணத்தை வைத்துக்கொள்ளும். காய்ந்த மணல் 34 பாகைக்கு மேல் நிற்காது.

திருப்பங்களுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரண மோட்டார் காரில், திரும்பும்போது உட்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுழல டிஃபரன்ஷியல் இடம் கொடுக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை, ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் மோட்டாரின் முயற்சி முழுவதும் அதிலேயே வீணாவது. பாறையேறியில் அச்சுகள் பூட்டப்பட்டிருக்கின்றன. ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தாலும் மற்றது இழுக்கும், ஆனால் வண்டி அகன்ற வட்டத்தில்தான் திரும்பும். சமதரையில் அந்த வட்டத்தைச் சுண்ணாம்புப் பொடியால் வரைந்துகொண்டு, திருப்பத்தை அதைவிட ஒரு விரற்கடை குறுகலாக அமைத்தால், ஒருமுறை பின்வாங்கித்தான் திரும்ப முடியும். போட்டிகளில் பின்வாங்குவதற்கும், வழியைக் குறிக்க நட்டிருக்கும் வாயிற்கம்பைத் தொடுவதற்கும் தண்டப் புள்ளிகள் உண்டு. குறைந்த புள்ளிக்காரரே வெற்றி பெறுகிறார்.

 

மழை சுருங்குவதில்லை

பாதையை முடித்துவிட்டோம். இப்போது அதன் மேல் வானம் இருக்கிறது, வானத்தை யாரும் பத்தில் ஒன்றாகச் சுருக்கவில்லை.

சாதாரண மழைத்துளி ஒன்று 2 மில்லிமீட்டர் அளவில், விநாடிக்கு ஆறு ஏழு மீட்டர் வேகத்தில் தரையை அடிக்கிறது. பத்து மடங்கு பெரிய மலையின் கண்கொண்டு பார்த்தால், அது 2 சென்டிமீட்டர் கனமுள்ள துளி. அப்படி ஒரு துளி அசல் மலையின் மேல் ஒருபோதும் விழுந்ததில்லை. ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் பெருகும் துளியைக் காற்றே சிதறடித்துவிடுகிறது. நம் கொல்லை மலையின் மேல் மட்டும் அது ஒவ்வொரு மழையிலும் விழுகிறது. ஓர் அங்குல மழை அசல் மலையில் ஓர் அங்குல மழைதான். இங்கே அதன் பொருள் பத்து அங்குலம். அதோடு மண்துகளும் சுருங்கவில்லை, ஒரு மணற்பரு வண்டியின் கணக்கில் சரளைக்கல். ஆகவே மலைகள் பல ஆண்டுகளாகத் தாங்கி நிற்கும் அரிப்பை நம் மலை ஒரே பருவத்தில் பார்த்துவிடுகிறது.

அசல் மலைப்பாதை அமைப்பவர்கள் தலைமுறைகளாகக் கண்டறிந்த ஒரு விதி இங்கே இரட்டிப்புப் பயன் தருகிறது. பாதை மேலேறும் சாய்வு, அது செல்லும் மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மீறினால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாமல், பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு அதன் வழியே ஓடும். செங்குத்தான ஏற்றங்களை வேண்டும் மட்டும் கல்லில் வைத்துக்கொள்ளலாம். மண்ணில் வைக்கக் கூடாது. மண்பாதை வெளிப்பக்கமாகச் சற்றே சரிந்திருக்கட்டும். ஏற்றம் நீளும் இடங்களில், பத்தில் ஒரு பங்கு சிமென்ட் கலந்த மண்ணை ஈரமாக இடித்துக் கெட்டித்தால், பார்வைக்கு மண்ணாகவும் மழைக்குக் கல்லாகவும் இருக்கும். சிற்றோடை வேண்டுமென்று குளம் கட்டுபவர்கள், அதில் தண்ணீர் தேங்காமல் வடியவும் வழி செய்யவேண்டும். கொசுவுக்கும் அளவுச் சுருக்கம் கிடையாது.

குளிர்காலத்தில் தரை உறையும் இடங்களில், மழையைவிடப் பொல்லாதது பனிக்கட்டி. கல்லின் அடியில் தேங்கிய நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. விரிவதற்கு வேறு இடமின்றிக் கல்லை மேலே தூக்குகிறது. பனி உருகிய பின் கல் பழைய இடத்துக்கு அப்படியே திரும்புவதில்லை, அடியில் சரிந்த மண் அதைத் தடுத்துவிடுகிறது. கல்லுக்கு அடியில் சரளை போடச் சொன்னது இதற்காகத்தான்; சரளையில் நீர் தங்காது. அப்படியும், நாம் 40 பாகைக்கு வைத்த சாய்பாறை வசந்தம் வருவதற்குள் 42-க்கோ 43-க்கோ நகர்ந்திருக்கக்கூடும். கோணலான வரப்பின் மேல் இருந்த ஒரு கை அகல வழி அந்த இரண்டு மூன்று பாகைகளில் மூடிப்போய்விடும். சென்ற வருஷம் கடந்தவர்கள் எல்லாரும் இந்த வருஷம் காரணம் தெரியாமல் கவிழ்வார்கள். ஆகவே பனி உருகி மண் காய்ந்ததும், வண்டியை வெளியே எடுப்பதற்கு முன்னால், கோணமானியையும் தூக்குக்குண்டையும் எடுத்துக்கொண்டு போய், பாறையை அளந்து, கடப்பாரையால் நெம்பி, மறுபடி 40-இல் நிறுத்தி, அடியில் சரளையைப் புதிதாக இடித்துவிடவேண்டும்.